முந்நூறு கிலோமீட்டர் வரை கணக்கில்லை

ஒரு நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு.
முந்நூறு கிலோமீட்டர் வரை கணக்கில்லை
என்றார் புஸ்ஸி வீதி சவரிநாதன்.
வண்டியைச் சுற்றி வந்து
இருக்கிற கீறல்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்.
பின்கதவில் இரண்டு. பம்பரில் நீளமாய் ஒன்று.
பக்கக் கண்ணாடியில்
யாரோ மதில்சுவரோடு பேசிப்போன தடம்.
"இதெல்லாம் உங்களது இல்லை."
நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு வாக்கியம்
சும்மா கிடைப்பதில்லை.

ஓட்டுவது நான். உரிமம் வாங்கி ஏழு மாதம்.
கதிரேசனுக்கு ஓட்டத் தெரியாது.
தன் பக்கம் இல்லாத பிரேக்கை
அவ்வப்போது ஆழமாய் மிதிப்பார்.

பாட்டுப் பெட்டியைத் தட்டினால்
எங்களுக்கு முன் வந்தவர்களின் கைபேசிகள்:
இன்பராஜ்.
நஸீமா 2.
தொடாதே.
அப்படியென்றால் நஸீமா ஒன்று என்ன ஆனது
என்று அரியாங்குப்பம் பாலம் வரை
யோசித்துக்கொண்டு வந்தார்.

அலுவலகத்தில் ரெபேக்கா கிரீஸ் போய்வந்தாள்.
வாடகைக் காரில் ஒரு தீவை
ஒரே பகலில் சுற்றினாளாம்.
வெள்ளை வீடு, நீலக் கதவு, மறுபடி வெள்ளை வீடு.
நான் பொறாமைப்படவில்லை என்று
இரண்டு பேரிடம் சொன்னேன்.

தவளக்குப்பம் தாண்டிச் சற்று தூரத்தில்
தமிழ்நாடு வரவேற்றது.
ரெட்டிச்சாவடியில் தண்ணீர் வாங்கினோம்.
பாட்டிலைத் திறப்பதற்குள்
புதுச்சேரி மறுபடி வரவேற்றது.
முள்ளோடையில் அதுவும் நன்றி சொல்லி அனுப்பியது.
நாற்புறமும் நீர் சூழ்ந்தால் தீவு
என்று நாலாம் வகுப்பில் எழுதினோமே,
நிலம் சூழ்ந்தால்?
"வரி குறைவு" என்றார் கதிரேசன்.

பெண்ணையாற்றில் மணல்தான் ஓடியது.
மஞ்சக்குப்பத்தில் இட்லி. தேவனாம்பட்டினத்தில் கடல்.
நெத்திலி வறுத்தவள் மீனை நிறுக்கவில்லை,
எங்கள் முகத்தைப் பார்த்து அள்ளினாள்.
சவுக்கு நிழலில் இருக்கையைச் சாய்த்து
ஒரு மணி நேரம் தூங்கினோம்.
விழித்தபோது வண்டியின் மூக்கில் ஒரு காகம்,
சொந்தக்காரனைப் போல.

திரும்பும்போது வெள்ளரிப்பிஞ்சு,
பண்ருட்டிப் பலாச்சுளை,
தேவையில்லாத ஒரு பிளாஸ்டிக் வாளி.
பெயர் பிடித்ததால் ஒரு ஊருக்குள் நுழைந்து
மாட்டுக்கொட்டகையில் முடிந்த தெருவிலிருந்து
பின்வாங்கியே வெளியே வந்தேன்.
ஒரு பையன் முன்னால் நின்று
வா வா என்று கையசைத்தான்,
பின்னால் போகிறவளை.

மூன்றரை மணி. அறுபத்தோரு கிலோமீட்டர்.
"இன்னும் இருநூற்று முப்பத்தொன்பது பாக்கி"
என்றார், பந்தியில் இலையை மூடாமல்
எழுந்தவளைப் பார்ப்பது போல.
திண்டிவனம் போய்த் திரும்பலாமா?
எதற்கு?
கணக்குக்கு.

பாகூர் ஏரி கோடையில் வற்றி
பாளம் பாளமாய்க் கிடந்தது.
இறக்கி நிறுத்தினேன். சாவியைக் கையில் கொடுத்தேன்.
இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் நான்
சத்தம் போடாமல் சொன்ன
முதல் கட்டளை அது: கிளட்ச்.

நாலு அடி போனது. நின்றது.
நாலு அடி. நின்றது.
பிறகு எப்படியோ ஓடியது.
ஏரியின் நடுவில், தண்ணீர் இருந்தால்
ஆள் மூழ்கும் ஆழத்தில்
பத்து கிலோமீட்டர் வேகத்தில்
வட்டமடித்தார் என் கணவர்.
இப்போது பிரேக்கை மிதித்தது நான்.
கொக்குகள் எழுந்து, பயப்பட ஏதுமில்லை என்று
அதே இடத்தில் உட்கார்ந்தன.
மூன்றாவது வட்டத்தில்
ஒரு கருவேலம் குறுக்கே வந்தது.
வந்தது என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

விளக்கு போட்டபின் புஸ்ஸி வீதி.
சவரிநாதன் டார்ச் அடித்துச் சுற்றினார்.
பின்கதவு சரி. பம்பர் சரி.
இடப்பக்கம் குனிந்தார். நிமிர்ந்தார்.
"இது?"
நான் வாயைத் திறப்பதற்குள்
கதிரேசன் முன்னால் வந்து
"இது எங்களது" என்றார்,
பிள்ளைக்குப் பெயர் கேட்டது போல.

அறுநூறு கேட்டார்.
நானூற்றைம்பதில் முடிந்தது.
வாளியை வண்டியிலேயே மறந்துவிட்டோம்.